திரவத்துள் மறைந்த வளி: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புக்களின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. விதி ஒன்று வெளியிடப்பட்ட ஆண்டு, அதனை வெளியிட்ட அறிஞரின் பெயர், அதன் பயனாகத் தோன்றிய இயந்திரம் என்னும் ஒழுங்கிலேயே பாடநூல்கள் அதனை எடுத்துரைக்கின்றன. ஒரு துறையிற் பெறப்பட்ட அறிவு இன்னொரு துறையைச் சென்றடைவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது, அக்காலத்தில் அவ்வறிவு கிட்டாமையால் யார் துன்புற்றனர் என்பன இவ்வொழுங்கினுள் அடங்குவதில்லை. திரவங்களிற் கரைந்திருக்கும் வாயுக்களைப் பற்றிய அறிவின் வரலாறு இக்குறையைத் தெளிவாக உணர்த்தவல்லது. இன்று விமானங்களையும் பாரந்தூக்கிகளையும் இயக்கும் நீரியற் பொறிகளின் எண்ணெயிலிருந்து கரைந்த வாயுவை வெற்றிடத்தின் துணைகொண்டு அகற்றுவது பொறியியலாளர் நன்கறிந்த ஒரு செய்முறை. ஆயினும், அச்செய்முறைக்குப் பின்னால் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக் கால வரலாறு ஒன்று உண்டு. அதில் அறிஞரும் கைவினைஞரும் மருத்துவரும் ஆற்றடியில் உயிர்நீத்த தொழிலாளரும் பங்குகொண்டுள்ளனர். அவ்வரலாற்றின் முக்கியமான கட்டங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெளிந்த நீர் நிரம்பிய ஒரு குவளையை நோக்குவோர் அதில் வளி இருப்பதாக எண்ணமாட்டார். உண்மையில், சாதாரண அமுக்கத்தில் 20 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள நீர் தன் கனவளவில் ஏறத்தாழ 2 சதவீதமான வளியைக் கரைத்து வைத்திருக்கின்றது. இங்கு ஒரு வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே மனங்கொள்ளல் வேண்டும். திரவத்தினுள் குமிழிகளாக நிற்கும் வளி வேறு. மூலக்கூறுகளாகப் பிரிந்து திரவத்தோடு ஒன்றிக் கரைந்து நிற்கும் வளி வேறு. முன்னையது கண்ணுக்குத் தெரியும், பின்னையது தெரியாது. முன்னையது திரவத்தின் இயல்பை உடனே மாற்றும். பின்னையது தக்க தருணம் வரும்வரை அடங்கியிருக்கும். அமுக்கம் குறைவதே அத்தருணமாகும்.

1. வெற்றிடமும் நீராவியும்

மறைந்திருக்கும் இவ்வளியை வெளிக்கொணர்ந்த முதற் கருவிகளுள் ஒன்று ரொபேட் பொயிலின் வளிப்பம்பியாகும். ரொபேட் ஹூக்கின் துணையுடன் 1659 அளவில் அமைக்கப்பட்ட இப்பம்பியைக் கொண்டு நிகழ்த்திய பரிசோதனைகளைப் பொயில் 1660 இல் நூலாக வெளியிட்டார். கண்ணாடிக் கலத்தினுள் வைக்கப்பட்ட நீரின் மேலிருந்த வளி இழுத்தகற்றப்பட்டபோது அந்நீரிலிருந்து குமிழிகள் மேலெழுந்தமையை அவர் அவதானித்தார். பின்னர் 1670 இல் வெளிவந்த அவரது குறிப்பொன்று மேலும் வியப்புக்குரியது. வெற்றிடத்தில் வைக்கப்பட்ட விரியன் பாம்பொன்றின் கண்ணினுள் ஒரு குமிழி அசைந்ததை அவர் கண்டார். உயிருள்ள உடலின் திரவங்களிலும் வாயு கரைந்திருக்கின்றது என்பதற்கும், அமுக்கம் குறையும்போது அது வெளிப்படும் என்பதற்கும் இதுவே பதிவுபெற்ற முதற் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. இக்குறிப்பின் முழுப்பொருளும் விளங்குவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேற் சென்றன.

பொயிலின் குமிழிகள் ஆய்வுகூடத்தில் ஒரு வேடிக்கைக் காட்சியாக நின்றன. சுரங்கவாயில்களிலோ அவை தொழிலுக்கே இடையூறாயின. தோமஸ் நியூகொமன் 1712 இல் டட்லிக்கு அண்மையில் நிறுவிய நீராவிப் பொறியில், உருளையினுள் நிரம்பிய நீராவியின் மீது குளிர்நீர் பாய்ச்சப்பட்டது. நீராவி ஒடுங்க வெற்றிடம் உண்டாயிற்று. வளிமண்டலத்தின் அமுக்கம் முசலத்தைக் கீழே தள்ளிற்று. ஆனால், பாய்ச்சப்பட்ட நீரிலும் கொதிகலனின் நீரிலும் கரைந்திருந்த வளி நீராவியோடு சேர்ந்து ஒடுங்கவில்லை. ஒவ்வொரு வீச்சிலும் சிறிது சிறிதாகத் தங்கிய அவ்வளி, விரைவிலேயே வெற்றிடத்தைக் கெடுத்துப் பொறியை நிறுத்திவிடவல்லதாயிற்று. இதற்குப் பரிகாரமாக உருளையோடு ஒரு சிறு வால்வு இணைக்கப்பட்டது. புதிய நீராவி உட்புகும் கணத்தில், தங்கிய வளி அவ்வால்வின் வழியே வெளியே ஊதித் தள்ளப்பட்டது. சளி பிடித்தவன் மூக்குறிஞ்சுவது போன்ற ஒலியை அது எழுப்பியமையால், ஆங்கிலத் தொழிலாளர் அவ்வொலியைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர். வாயுக்களின் கரைதிறன் பற்றிய விதி எதுவும் வகுக்கப்படாத காலத்தில், இரும்பு வாணிகரான நியூகொமனும் அவருடைய துணைவரும் இப்பரிகாரத்தைக் கண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜேம்ஸ் வாட் 1769 இற் பெற்ற காப்புரிமையிலும் இதே பிரச்சினை இடம்பெறுகின்றது. நீராவியை வேறொரு பாத்திரத்தில் ஒடுக்கும் அவரது முறையில், ஒடுங்காது எஞ்சும் வளியைப் பம்பியொன்றினால் இழுத்தகற்ற வேண்டும் என்பது தெளிவாகக் கூறப்பட்டது. ஒடுக்கியிலுள்ள அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் பத்திலொன்றாகக் குறையுமாயின், நீரில் 2 சதவீதமாகக் கரைந்திருந்த வளி முழுவதும் வெளிப்பட்டுப் பத்து மடங்காக விரிந்து, நீரின் கனவளவில் ஐந்திலொரு பங்கு இடத்தைக் கோரும். அந்த வளிப்பம்பி இல்லையேல் வாட்டின் ஒடுக்கி சிறிது நேரமே பயன்பட்டிருக்கும். கைத்தொழிற் புரட்சியின் சின்னமாகப் போற்றப்படும் இயந்திரம், கரைந்த வளியை இடைவிடாது அகற்றிக்கொண்டிருந்த ஓர் இயந்திரமுமாகும்.

2. விதியின் தோற்றம்

வாயுவைத் திரவத்திலிருந்து அகற்றும் தேவை சுரங்கங்களில் எழுந்ததெனின், வாயுவைத் திரவத்தினுட் புகுத்தும் விருப்பம் பான வாணிகத்தில் எழுந்தது. ஜோசப் பிறீஸ்லி 1767 இல் லீட்ஸ் நகரில் மதுவடிசாலை ஒன்றின் அருகில் வாழ்ந்தபோது, அங்கு வெளிப்பட்ட காபனீரொட்சைட்டை நீரிற் கரைக்கும் முறையைக் கண்டறிந்து, 1772 இல் அதனைச் சிறு நூலாக வெளியிட்டார். மன்செஸ்ரர் நகரில் தோமஸ் ஹென்றி என்பாரும் இத்தகைய வாயுநீரை உற்பத்தி செய்தார். அவருடைய மகனான வில்லியம் ஹென்றியே, வெவ்வேறு வெப்பநிலைகளிலும் அமுக்கங்களிலும் நீர் உறிஞ்சும் வாயுவின் அளவை முறைப்படி அளந்து, 1803 இல் தமது முடிவை வெளியிட்டார். மாறா வெப்பநிலையில் ஒரு திரவத்திற் கரையும் வாயுவின் திணிவு, அத்திரவத்தின் மேலுள்ள அவ்வாயுவின் அமுக்கத்துக்கு நேர்விகிதசமமாகும் என்பதே அம்முடிவு. அமுக்கத்தை இரட்டித்தால் இருமடங்கு வாயு கரையும். பத்திலொன்றாகக் குறைத்தால் பத்திலொரு பங்கே எஞ்சும்.

ஹென்றியின் நண்பரான ஜோன் டோல்ரன் இவ்விடயத்தையே பற்றி மன்செஸ்ரர் இலக்கிய, தத்துவச் சங்கத்தில் 1803 இற் படித்து 1805 இல் வெளியான கட்டுரையின் இறுதியிலேதான் அணுக்களின் சார்பு நிறைகளைக் காட்டும் முதல் அட்டவணை இடம்பெற்றது. ஒரே நீர் வெவ்வேறு வாயுக்களை வெவ்வேறு அளவில் ஏற்பது ஏன் என்ற வினாவே அவரை அவ்வட்டவணைக்கு இட்டுச் சென்ற வழிகளுள் ஒன்றாகும். நவீன இரசாயனவியலின் அத்திவாரமான அணுக்கொள்கையின் பிறப்பிலும் கரைந்த வாயுவுக்கு இடமுண்டு என்பது இதனாற் புலனாகும்.

3. நீரின் வலு

திரவத்தின் வழியே விசையைச் செலுத்தலாம் என்னும் தத்துவம் பஸ்காலின் மறைவுக்குப்பின் 1663 இல் வெளியான நூலில் விளக்கம் பெற்றது. ஜோசப் பிரமா 1795 இற் காப்புரிமை பெற்ற நீரியல் அமுக்கி அத்தத்துவத்தைக் கைத்தொழிலுக்குக் கொணர்ந்தது. திரவம் அமுங்காது என்ற நம்பிக்கையே இவற்றின் அடிப்படையாகும். ஆனால், நீரும் மிகச் சிறிதளவு அமுங்கும் என்பதை ஜோன் கன்ரன் 1762 இல் நிறுவியிருந்தார். அவர் வளி அகற்றப்பட்ட நீரைக் கொண்டே பரிசோதித்தார். பின்னர் வளியைக் கரைத்துக்கொண்ட நீரும் அதே அளவுதான் அமுங்குகின்றது என்பதையும் கண்டார். கரைந்த நிலையிலுள்ள வளி திரவத்தின் விறைப்பைக் குறைப்பதில்லை என்ற முக்கியமான உண்மை இங்கே முதலில் வெளிப்படுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீரியற் பொறிகள் கரைந்த வளியினாற் பெரிதும் இடருறாமைக்கு அவற்றின் அமைப்பே காரணமாயிற்று. வில்லியம் ஆம்ஸ்ரோங் 1846 இல் நியூகாசில் துறைமுகத்தில் நகரின் குழாய்நீரால் இயங்கும் பாரந்தூக்கியை நிறுவினார். சில ஆண்டுகளின் பின் அமுக்கத்தைச் சேமித்து வைக்கும் கலத்தையும் அமைத்தார். பெரும்பாரமொன்று முசலத்தின் மீது அமர்ந்து நீரை அழுத்துவதே அக்கலத்தின் முறையாகையால், அமுக்கமேறிய நீர் வளியைத் தொடவேயில்லை. தொடாத வாயு கரையாது. 1883 இல் தொழிற்படத் தொடங்கிய இலண்டன் நீரியல் வலுக் கம்பனி சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 700 இறாத்தல் அமுக்கத்தில் நகரின் வீதிகளுக்குக் கீழே நீரைச் செலுத்திற்று. அதன் குழாய்களின் நீளம் உச்சநிலையில் 180 மைல் அளவை எட்டியது. 1894 இல் திறக்கப்பட்ட இலண்டன் கோபுரப் பாலத்தின் தட்டுக்களும் நீரின் வலுவினாலேயே உயர்த்தப்பட்டன. அக்கம்பனி 1977 இல் தன் சேவையை நிறுத்திற்று. பாலமோ 1976 இல் மின்சாரத்துக்கும் எண்ணெய்க்கும் மாற்றப்பட்டது.

4. ஆற்றடியில் மனிதர்

இதே காலப்பகுதியில், அமுக்கமேறிய வளியைத் தொட்டுக்கொண்டே வேலை செய்யவேண்டியிருந்த திரவம் ஒன்றும் இருந்தது. அது மனிதரின் குருதியாகும். பிரான்சிய பொறியியலாளரான திரிஷே 1840 ஐ அண்டிய ஆண்டுகளில், லுவார் ஆற்றோரச் சுரங்கத்தினுள் நீர் புகாதவாறு அமுக்கிய வளியைச் செலுத்தித் தொழிலாளரை வேலை செய்வித்தார். வெளியே வந்தோர் சிலரின் மூட்டுக்களில் நோவு கண்டதை அவர் 1841 இற் குறிப்பிட்டார். 1854 இல் பொல், வற்றேல் என்னும் இரு பிரான்சிய மருத்துவர்கள், அமுக்கத்தினுட் செல்வதால் அன்றி அதிலிருந்து வெளிவருவதாலேயே தீங்கு நேர்கின்றது என்பதையும், மீண்டும் அமுக்கத்தினுட் சென்றால் நோவு தணிகின்றது என்பதையும் எழுதினர்.

ஹென்றியின் விதி அப்போது அரை நூற்றாண்டுப் பழைமையுடையது. எனினும், இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார் இலர். அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மீது ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டிய பாலத்துக்காக, அடித்தட்டற்ற பெரும் பெட்டிகள் ஆற்றினுள் இறக்கப்பட்டன. அவற்றினுள் அமுக்கிய வளியில் நின்று தொழிலாளர் மணலை அகழ்ந்தனர். ஆழம் 90 அடியைக் கடந்த 1870 ஆம் ஆண்டில், வெளியே வந்தோர் நடக்கவியலாது வீழ்ந்தனர். பத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களைக் கவனித்த மருத்துவரான ஜமினேயும் அந்நோய்க்கு ஆளானார். நியூயோர்க்கில் புறூக்லின் பாலத்தின் தலைமைப் பொறியியலாளரான வொஷிங்ரன் றோப்ளிங் 1872 இல் இந்நோயினால் முடங்கினார். 1883 இல் பாலம் நிறைவெய்தும்வரை அவருடைய மனைவி எமிலி கணவரின் பணிப்புரைகளைக் களத்துக்கு எடுத்துச் சென்று வேலையை நடத்தினார். பொறியியலாளரின் பெயர் பாலத்தோடு நிலைத்தது. ஆற்றடியில் மணல் அகழ்ந்தோரின் பெயர்களை அறிவார் மிகச் சிலரே.

விளக்கம் 1878 இல் வந்தது. பிரான்சிய உடற்றொழிலியலாளரான போல் பேர்ட், அமுக்கத்தின்கீழ்க் குருதியிலும் இழையங்களிலும் மிகுதியாகக் கரையும் நைதரசன், அமுக்கம் விரைந்து குறையுங்கால் குமிழிகளாக வெளிப்பட்டுக் குருதியோட்டத்தைத் தடுக்கின்றது என்பதை விலங்குகளிற் செய்த பரிசோதனைகளால் நிறுவினார். அமுக்கத்தை மெல்லக் குறைத்தலே பரிகாரம் என்றும் கூறினார். எவ்வளவு மெல்ல என்பதைக் கணித்தவர் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் ஆவார். பிரித்தானியக் கடற்படைக்காக ஆடுகளைக் கொண்டு பரிசோதித்த அவரும் அவருடைய துணைவர்களும், முழு அமுக்கத்தை அரைவாசியாக விரைந்து குறைக்கலாம், அதன்பின் படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்னும் விதியையும் அட்டவணைகளையும் 1908 இல் வெளியிட்டனர். கரைந்த வாயுவை ஓர் உடலிலிருந்து பாதுகாப்பாக அகற்றுவதற்கு வகுக்கப்பட்ட முதலாவது கணிப்பு முறை இதுவெனலாம். ஹென்றியின் கட்டுரைக்கும் இதற்குமிடையே 105 ஆண்டுகள் கழிந்திருந்தன.

5. எண்ணெயின் வருகை

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் நீரியற் பொறிகளில் நீரின் இடத்தை எண்ணெய் கைப்பற்றத் தொடங்கிற்று. 1906 இல் அமெரிக்கப் போர்க்கப்பலான வேர்ஜினியாவின் பீரங்கிகளை இயக்குவதற்கு எண்ணெயாற் செலுத்தப்படும் பொறி பொருத்தப்பட்டது. எண்ணெய் உறைவதில்லை; துருப்பிடிக்கச் செய்வதில்லை; அசையும் பாகங்களைத் தானே உராய்வு நீக்கிக் காக்கின்றது. ஆனால், கனிய எண்ணெய் தன் கனவளவில் ஏறத்தாழ 9 சதவீதமான வளியைக் கரைக்கவல்லது. நீர் கரைப்பதிலும் இது நான்கு மடங்குக்கு மேலாகும். பழைய பகை பெருகிய பலத்தோடு திரும்பி வந்தது.

அதன் செயலை எளிதில் விளக்கலாம். பம்பியின் வாயிலில் எண்ணெய் உறிஞ்சப்படும்போது அமுக்கம் குறைகின்றது. கரைந்த வளியின் ஒரு பகுதி குமிழிகளாகின்றது. குமிழிகளாகிய வளி, கன்ரன் ஆராய்ந்த கரைந்த வளியைப் போன்றதன்று. வளிமண்டல அமுக்கத்தில் எண்ணெயின் கனவளவில் நூற்றிலொரு பங்கு வளி குமிழிகளாக நிற்குமாயின், அவ்வெண்ணெயின் விறைப்பு நூற்றிலொன்றுக்கும் கீழாகக் குறையும் என்பது கணிப்பால் அறியத்தக்கது. வாகனத் திருத்தகங்களில் ‘எயர் எடுத்தல்’ என வழங்கும் வேலை தடுப்புத் திரவத்திலுள்ள இத்தகைய குமிழிகளை அகற்றுவதேயாகும். மேலும், குமிழிகள் பம்பியினுள் திடீரென அமுக்கப்படும்போது அவற்றின் வெப்பநிலை மிக உயர்ந்து, சுற்றியுள்ள எண்ணெய் கருகிப் பழுதுறுகின்றது. தாழமுக்கத்தில் திரவத்தினுள் தோன்றும் குழிவுகள் சிதைவதால் உலோகம் அரிக்கப்படுதலும் இதனோடு தொடர்புடையது. கப்பல்களின் சுழல்விசிறிகளில் 1890 களில் இந்நிகழ்ச்சி இனங்காணப்பட்டது. சிதையும் குழிவினுள் எழும் அமுக்கத்தை ரேலி பிரபு 1917 இற் கணித்துக் காட்டினார்.

விமானத்தின் வருகையோடு பிரச்சினை மேலும் கூர்மையடைந்தது. 40,000 அடி உயரத்தில் வளிமண்டலத்தின் அமுக்கம் நிலமட்டத்திலுள்ளதில் ஐந்திலொன்றுக்கும் சற்றுக் குறைவாகும். திறந்த தாங்கியிலுள்ள எண்ணெய் அவ்வுயரத்துக்கு ஏறுவது, ஆழ்கடலிலிருந்து சுழியோடி விரைந்து மேலெழுவதை ஒத்தது. ஆகவேதான் விமானங்களின் எண்ணெய்த் தாங்கிகள் மூடப்பட்டு அமுக்கத்தின்கீழ் வைக்கப்பட்டன. வில்லியம் மூக் என்பவரின் ஆக்கங்களைத் தொடர்ந்து 1950 களில் மின்னாற் கட்டுப்படும் நுண்ணிய வால்வுகள் பரவியபோது, எண்ணெயின் விறைப்பிற் சிறிதளவு தளர்ச்சியும் பொறுக்க முடியாததாயிற்று.

6. அகற்றும் முறைகள்

பெரிய தாங்கியில் எண்ணெயை ஆறவிடுதல் குமிழிகளை அகற்றும். கரைந்த வளியை அகற்றாது. நீரைச் சூடாக்கினால் கரைந்த வளி வெளியேறும். கொதிகலன்களுக்குச் செலுத்தும் நீரிலிருந்து ஒட்சிசனை நீக்க இம்முறையே பயன்படுகின்றது. கனிய எண்ணெயிலோ வெப்பநிலை உயர்வதால் வளியின் கரைதிறன் குறைவதில்லை. அங்கு சூடாக்குதல் பாகுத்தன்மையைக் குறைத்துக் குமிழி எழுவதை விரைவுபடுத்தவே உதவும். ஆகவே, எஞ்சிய வழி பொயிலின் வழியாகும். மூடிய கலமொன்றில் எண்ணெயை மென்படலமாக வழியவிட்டோ நுண்டுளிகளாகச் சிதறியோ, அதன் மேலுள்ள வளியைப் பம்பியால் இழுத்துவிடுவர். கரைந்த மூலக்கூறு மேற்பரப்பை அடைவது மந்தமாகவே நிகழுமாதலால் மேற்பரப்பைப் பெருக்குதல் இன்றியமையாதது. அமுக்கம் பத்திலொன்றாயின், போதிய நேரங்கொடுத்தால் பத்திலொரு பங்கு வளியே எஞ்சும் என்பது ஹென்றியின் விதி. அமுக்கத்தை அளவுகடந்து குறைத்தால் எண்ணெயின் இலேசான கூறுகளே ஆவியாகிவிடும். இவ்வாறு தூய்மையாக்கிய எண்ணெய் மீண்டும் வளியைத் தொடுமாயின் இழந்ததைத் திரும்பப் பெற்றுவிடும். மூடிய தாங்கி இல்லையேல் முயற்சி வீணாகும்.

இங்கு வரலாற்றின் ஒரு திருப்பம் கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், உயரப் பறந்த விமானிகளும் சுழியோடிகளின் நோய்க்கு ஆளாயினர். இதனை ஆராய்ந்த அமெரிக்க உயிரியலாளரான நியூட்டன் ஹார்வியும் அவருடைய துணைவர்களும், குமிழி வெறுமையிலிருந்து பிறப்பதில்லை என்றும், பரப்புக்களின் நுண்வெடிப்புக்களில் ஏற்கெனவே ஒளிந்திருக்கும் வாயுத்துணுக்குகளிலிருந்தே அது வளர்கின்றது என்றும் 1944 இல் எடுத்துக்காட்டினர். நீரை முதலில் மிகுந்த அமுக்கத்துக்கு உட்படுத்தி அத்துணுக்குகளைக் கரைத்துவிட்டால், பின்னர் அமுக்கம் குறைந்தாலும் குமிழி எளிதில் எழாது என்பதையும் கண்டனர். உயிரினங்களைப் பற்றிய இவ்வாய்வு, திரவங்களிற் குழிவு தோன்றுதலைப் பற்றிய பொறியியலாய்வுக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரசாயனவியலிலிருந்து மருத்துவத்துக்குச் செல்லத் தாமதித்த அறிவு, இருபதாம் நூற்றாண்டில் உயிரியலிலிருந்து பொறியியலுக்கு விரைந்து சென்றது.

முடிவுரை

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து இரு உண்மைகள் புலனாகும். விதி பிறப்பதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே கைவினைஞர் பரிகாரத்தைக் கண்டிருந்தனர் என்பது ஒன்று. ஆகவே, செயல்முறை எப்போதும் கோட்பாட்டின் பின்னே நடப்பது என்னும் கருத்து பொருந்துவதன்று. விதி பிறந்து அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னரும், அதன் பொருளை உணராமையால் மிசிசிப்பியின் அடியில் மனிதர் மாண்டனர் என்பது மற்றையது. அவர்களைக் காத்திருக்கக்கூடிய கூறுகள் யாவும் அப்போது நூல்களில் இருந்தன. ஹென்றியின் விதி இலண்டனில் அச்சிடப்பட்டிருந்தது. பொல், வற்றேல் ஆகியோரின் அவதானிப்பு பிரான்சில் அச்சிடப்பட்டிருந்தது. பொயிலின் பாம்பு வேத்தியற் கழகத்தின் ஏடுகளில் இரு நூற்றாண்டுகளாகக் கிடந்தது. இவற்றை ஒருங்கு வைத்துப் படித்தவர் ஒருவரும் இருக்கவில்லை. வாட்டின் இயந்திரம் ஒன்று வளியால் நின்றுவிட்டால் அதன் உடைமையாளர்க்கு உடனே நட்டம் நேர்ந்தது. பரிகாரமும் உடனே தேடப்பட்டது. ஆற்றடித் தொழிலாளி ஒருவன் நின்றுவிட்டால் அவனுடைய இடத்துக்கு இன்னொருவன் கிடைத்தான். அறிவு சென்றடையத் தாமதித்தமைக்கு இதுவும் ஒரு காரணமென்பதை மறுத்தல் அரிது.

பீடங்களாகவும் துறைகளாகவும் பிரிந்து கல்வி பயிலும் பல்கலைக்கழகங்களுக்கு இவ்வரலாறு உரைப்பது பெரிது. கரைந்திருக்கும் வளியைப் போல, கற்றோரிடையே கரைந்து கிடக்கும் அறிவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தக்க காலத்தில், தக்க இடத்தில் வெளிப்படுமாறு செய்வது துறைகளுக்கிடையே பாலம் அமைப்போரின் கடமையாகும்.